புது டயரின் ரப்பர் முடி

சுகந்தியைப் பொறுத்தவரை இந்நேரம் நான் சிறுவாணி ரோட்டில், பேரூர் தாண்டி மாதம்பட்டிப் பக்கம் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். மிதித்துக்கொண்டிருப்பது என்னவோ உண்மைதான். ஆனால் தடாகம் ரோட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில், செக்கு வரதராஜின் ஹாலில், என் சொந்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, ஓர் அங்குலம்கூட நகராமல். பின்சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் ஓர் இரும்புக் கவட்டை பிடித்திருக்கிறது. டயர் ஒரு இரும்பு உருளைமேல் அழுந்திச் சுற்றுகிறது. முன்சக்கரம் சும்மா நிற்கிறது, அது தாழ்ந்துபோகாமல் இருக்க அடியில் இரண்டு தடிப் புத்தகங்களை வைத்திருக்கிறார் மனுஷன். மேலே இருப்பது திரவ இயந்திரவியல், டிப்ளமா பாடம். நான் மாங்கு மாங்கென்று படித்துப் பாஸான புத்தகத்துக்கு இந்த வீட்டில் கிடைத்திருக்கும் மரியாதை இது. "இருவது நிமிஷமாச்சும் ஓட்டிப் பாருங்க தனபால். அஞ்சு நிமிஷத்துல எந்த மிஷினும் அதோட கொணத்தக் காட்டாதுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போயிருக்கிறார். எனக்குச் சொல்கிறார். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருபத்தாறு வருஷமாக மோட்டாரின் குணத்தைக் காதால் கேட்டுச் சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு பாலிடெக்னிக் வாத்தியார் சொல்லிக் கொடுக்கிறார். சரி, சொல்லட்டும். இருபது நிமிஷம் மிதிப்போம், குறை கண்டுபிடிப்போம், அறுநூறோ எழுநூறோ குறைப்போம், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவோம். சுகந்திக்குத் தெரியாமல் இது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

போக வேண்டிய இடம் வீடு இல்லை. பீளமேட்டில் எங்கள் கம்பெனிக்குப் பின்னால் பழைய சாமான்கள் போட்டு வைத்திருக்கும் ஓர் அறை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மிதித்துவிட்டு, உண்மையான வேர்வையோடு வீட்டுக்கு வருவேன். வேர்வைதான் பிரச்சினை. நான்கு மாதமாக நான் சாலையில் சைக்கிள் ஓட்டவில்லை. ஆனால் நான்கு மாதமாக ஒரு ஞாயிறு தவறாமல் ஐந்தரை மணிக்கு ஹெல்மெட் மாட்டி, அந்த இறுக்கமான பனியனைப் போட்டுக்கொண்டு, கேட்டைத் திறந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிறேன். தெருமுனை திரும்பியதும் ஏறுவேன் என்று சுகந்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பியதும் நான் மாநகராட்சிப் பூங்காவுக்குள் போய் உட்காருகிறேன். இரண்டு மணி நேரம். அங்கே தரையில் எட்டு மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதன் மேல் சர்க்கரைக்காரர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். எட்டுப் போட்டு நடந்தால் சர்க்கரை குறையுமாம். நடந்து முடித்ததும் வாசலில் பருத்திப்பால் குடிக்கிறார்கள், வெல்லம் தூக்கலாக. இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஹெல்மெட் போட்ட ஆசாமியைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தால் எனக்கே கூசுகிறது, அதனால் யோசிப்பதில்லை. கிளம்பும்போது பூங்காக் குழாயில் கழுத்திலும் முதுகிலும் தண்ணீர் தெளித்துக்கொள்வேன். போன வாரம் துணி துவைக்கப் போடும்போது சுகந்தி அந்தப் பனியனை மூக்கருகே கொண்டுபோய், "என்னங்க இது, இப்பெல்லாம் நாத்தமே அடிக்கறதில்ல?" என்றாள். "ஒடம்பு பழகிப் போச்சு" என்றேன். "ஓ" என்றாள். அந்த ஓ எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் பனியனைத் துவைப்பவளிடம் குழாய்த் தண்ணீரை வேர்வை என்று எத்தனை நாள் ஓட்ட முடியும்? அதற்காகத்தான் இந்த டிரெய்னர், சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கிற மிஷின். ஊரில் ஒவ்வொருவனும் உடம்பு இளைக்க, மலை ஏற, மழைக்காலத்தில் விட்டுப்போகாமல் இருக்க என்று வாங்குகிறான். பொய்க்கு வாசனை சேர்க்க வாங்குகிறவன் இந்தக் கோயம்புத்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாங்குவது என்று முடிவு செய்ததும் கைபேசியில் தேட ஆரம்பித்தேன், அத்தோடு மனித குலத்தின் மேல் மிச்சமிருந்த மரியாதையும் போயிற்று. வெள்ளைக்காரன் ஒருவன் தன் கார் ஷெட்டில் நின்றுகொண்டு வெளியே கொட்டும் பனியைக் காட்டி, ஆகவே நண்பர்களே என்கிறான். அவனுக்குப் பனி கொட்டுகிறது, மிதிக்கிறான். நான் இருக்கிற வடவள்ளியில் என்ன கொட்டுகிறது? நம் ஊர்க்காரன் ஒருவன் அதே வீடியோவை அப்படியே தமிழில் பேசி, கடைசியில் லைக் பண்ணுங்க என்கிறான், அவன் தொப்பையைப் பார்த்தால் அவன் எதையும் மிதித்தவனாகத் தெரியவில்லை. இணையக் கடையில் போய்ப் பார்த்தால் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். 'பெட்டி நன்றாக இருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.' ஐந்து நட்சத்திரம். 'என் மாமனாருக்கு வாங்கினேன். அவருக்கு முழங்கால் வலி.' நான்கு நட்சத்திரம். இந்த ஜனங்கள்தான் ஓட்டும் போடுகிறார்கள். மூன்று வகை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. மூன்று உருளைகளைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் சைக்கிளை எதிலும் பிடிக்காமல் நிறுத்தி, விழாமல் ஓட்டுவது ஒன்று. அது சர்க்கஸ். விழுவதைப் பற்றி நான் இப்போது எதுவும் கேட்கத் தயாரில்லை. இன்னொன்று, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராக மிஷினில் மாட்டுவது. அது டி.வி.யோடு பேசும், டி.வி.யில் இல்லாத ஒரு மலையைக் காட்டும், மலை ஏற ஏற மிஷின் தானாக இறுகும், அமெரிக்காவில் இருக்கிற எவனோ நம்மை முந்திக்கொண்டு போவான். விலை என் இரண்டு மாதச் சம்பளம். நிஜ மருதமலை என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெரிகிறது, பைசா செலவில்லை. மூன்றாவது இது, இப்போது நான் மிதிப்பது. உருளை, அதன் பக்கத்தில் ஒரு கனமான சக்கரம், ஒரு காந்தம், காந்தத்தை நெருக்கவும் விலக்கவும் கைப்பிடியில் ஒரு லிவர், ஆறு கட்டம். ஏழைகளுக்கு இதுதான். கடைக்குப் போய்க் கேட்டேன். அவிநாசி ரோட்டில் ஏ.சி. போட்ட சைக்கிள் கடை. விற்கிறவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், உங்க கோல் என்ன சார்?" என்றான். என் கோல், சத்தம் வரக்கூடாது, மடக்கினால் ஆட்டோவில் ஏற வேண்டும், எட்டாயிரத்துக்குள் இருக்க வேண்டும், பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது. இதை அவனிடம் சொல்ல முடியுமா? "ஃபிட்னஸ்" என்றேன். பதினான்காயிரத்துக்கு ஒன்றைக் காட்டினான். லிவரைத் தொட்டுப் பார்த்தேன், பொம்மைக் கார் மாதிரி பிளாஸ்டிக். வெளியே வந்துவிட்டேன். அப்புறம்தான் பழைய சாமான் விளம்பரத்தில் இது கண்ணில் பட்டது. ஆறாயிரத்து ஐந்நூறு, நல்ல நிலையில். பேர் போடவில்லை. போன் செய்தால், "வரதராஜ் பேசறனுங்க" என்று குரல் வந்தது. போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இதைவிடக் குறைந்த விலையில் எங்கேயும் இல்லை என்பது எனக்கு அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது.

செக்கு என்று அவருக்குப் பேர் வைத்தது நான்தான். 'அதிகாலை ரைடர்ஸ்' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நாற்பது பேர், அதில் ஓட்டுகிறவர்கள் பன்னிரண்டு பேர், மற்றவர்கள் குட்மார்னிங் அனுப்புகிறவர்கள். ஓட்டுகிற பன்னிரண்டு பேரிலும் பாதிப் பேர் டிபனுக்காக வருகிறவர்கள். முப்பது கிலோமீட்டர் போய் இருநூறு கலோரி எரித்துவிட்டு இரண்டு செட் பூரி சாப்பிட்டு, சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இரண்டு லட்ச ரூபாய் சைக்கிள், தூக்குவதற்குத்தான் அது லாயக்கு. இந்தக் கூட்டத்தில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பது என் அபிப்பிராயமாக இருந்தது, அதை நான் மறைத்ததும் இல்லை. எவனாவது விழுந்து முழங்கையில் கட்டோடு போட்டோ போட்டால் மற்றவர்கள் எல்லாம் கும்பிடும் பொம்மையும் பூவும் போடுவார்கள். நான் மட்டும், 'என்ன தப்புப் பண்ணீங்க?' என்று கேட்பேன். விழுகிறவன் ஓட்டத் தெரியாதவன். இது என் வாக்கியம். குழுவில் சொன்னேன், கம்பெனியில் சொன்னேன், ஒவ்வொரு ஞாயிறும் கேட்டில் நின்று "பாத்துப் போங்க" என்கிற சுகந்தியிடம் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் வரதராஜ் திடீரென்று வருவதை நிறுத்தினார். காரணம் சொல்லவில்லை. ஒரு நாள் குழுவில் ஒரு படம் போட்டார், இதே ஹால், இதே மிஷின், பக்கத்தில் இந்த ஸ்டாண்ட் ஃபேன், 'இன்னைக்கு நாற்பது நிமிடம்' என்று எழுதி. நான் சும்மா இருந்திருக்கலாம். 'செக்குமாடு சுத்துனதுல எண்ணெய் எத்தனை லிட்டர் வந்துச்சுங்க வாத்தியாரே?' என்று போட்டேன். ஒரு நிமிஷத்தில் பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் எது போட்டாலும் எவனாவது ஒருவன் எண்ணெய்ப் பாட்டில் படம் போடுவான். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு குழுவைவிட்டு வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அன்று எனக்கு ஒரு நல்ல பம்பைப் பாஸ் பண்ணி அனுப்பிய திருப்தி இருந்தது. இன்று அந்தச் செக்கிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வாங்க வாங்க, சைக்கிள லிஃப்டுலயே ஏத்திருக்கலாம்ல, படியில தூக்கிட்டு வந்தீங்களா" என்றார். வாசல்வரை ஆட்டோவில் ஏற்றி வந்ததை நான் சொல்லவில்லை. பேசாமல் இருப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிவதில்லை. சைக்கிளைக் கவட்டையில் மாட்டும்போது மட்டும் குனிந்து பின்டயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "டயர் புதுசுங்களா?" "ஆமா, மாத்தி நாளாச்சு. வாராவாரம் சிறுவாணி ரோடுதான்" என்றேன். "சரிங்க" என்றார்.

எட்டு நிமிஷம் ஆகிறது. மூன்றாவது கட்டத்தில் வைத்திருக்கிறேன். மிஷின் மோசமில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. உருளை நடுவில் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆனால் ஒரு பக்கமாகத் தேயவில்லை, ஆள் நிதானமாக உட்கார்ந்து மிதித்திருக்கிறார். சத்தம்? சத்தம் இருக்கிறது. கேட்கிறது. இடது பக்கம், அந்தக் கனச் சக்கரத்துக்குள், சுற்றுக்கு ஒருமுறை ஒரு சின்னக் கர். யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கும். பேரிங் போக ஆரம்பித்திருக்கிறது. இதைச் சொல்லியே ஐந்நூறு குறைக்கலாம். கர். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கம்பெனியில் கேட்டது இல்லை. கர். வேண்டாம், அதை நினைக்காதே, விலையை நினை, ஆறாயிரம் கேள், ஐயாயிரத்து எண்ணூறில் ஆரம்பி. ஆடி மாதம் மூன்றாவது ஞாயிறு. எதிர்க்காற்று. ஆடிக் காற்று என்று சும்மாவா சொல்கிறார்கள், மாதம்பட்டிக்கு முன்னால் அந்த வளைவில் ஆளையே தள்ளுகிறது. பின்னால் ஹாரன். அவ்வளவுதான் நடந்தது. பஸ் என்னைத் தொடவே இல்லை, தொட்டிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். ஹாரன் அடித்தான், கை நடுங்கிற்று, சைக்கிள் தார் ஓரத்தைவிட்டு ஜல்லியில் இறங்கிற்று, நான் தார்ப் பக்கமாக விழுந்தேன். கன்னம் ரோட்டில். பஸ்ஸின் பின்சக்கரம் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. அதன் நட்டுகள் தெரிந்தன, ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தன, ஒன்று மட்டும் புதுசு. சூடான ரப்பர் வாடை. அந்த நேரத்தில் மனுஷன் என்ன நினைக்க வேண்டும்? பெண்டாட்டியை, சாமியை, எதையாவது. நான் நினைத்தது, 'இந்தச் சக்கரத்துல பேரிங் போயிருச்சு, மாத்தோணும்' என்று. கர். சுற்றுக்கு ஒருமுறை. பஸ் போய்விட்டது, டிரைவருக்கு நான் விழுந்ததே தெரிந்திருக்காது. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. எழுந்து உட்கார்ந்து முதலில் செய்த காரியம், யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது. வலித்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தேன், தனபாலின் லட்சணம் அது. ஜல்லியில் டயர் கிழிந்திருந்தது. ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, வழியிலேயே கடையில் இரண்டு டயரும் புதிதாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து, போகிற வழியில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள், அங்கே டெஸ்டிங் தொட்டி ஓரத்தில் பாசி வழுக்கிவிட்டது என்றேன். சுகந்தி இடுப்பில் மருந்து போட்டுக்கொண்டே, "அந்தப் பாசியக் கழுவக் கூடவா ஆள் இல்ல உங்க கம்பெனில?" என்று கம்பெனியைத் திட்டினாள். பாவம், கம்பெனி. அடுத்த ஞாயிறு தெருமுனையில் ஒரு காலை பெடலில் வைத்தேன். தூரத்தில் மருதமலை பஸ் வருகிற சத்தம் கேட்டது. காலை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பூங்கா பெஞ்ச். இந்தக் கர் ரிப்பேர் பண்ணக்கூடிய கர்தான், ஒரு பேரிங் நாற்பது ரூபாய், நானே மாற்றிவிடுவேன். மாற்றிவிட்டால் கேட்காது. கேட்கக்கூடாது.

பதினான்கு நிமிஷம். வேர்க்கிறது. நான்கு மாதத்துக்கப்புறம் உப்புக் கரிக்கிற வேர்வை, உதட்டில் படுகிறது, சொன்னால் வெட்கக்கேடு, நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஆள் இந்த மிஷினை வைத்திருக்கிற இடம்தான் புரியவில்லை. ஹாலில் டி.வி. ஒரு மூலையில் இருக்கிறது, அதைப் பார்த்துப் போட்டிருக்கலாம். எல்லா முட்டாள்களும் அப்படித்தான் போடுகிறார்கள். இவர் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறார், முகத்துக்கு இரண்டடியில் ஜன்னல். வந்தபோது சாத்தியிருந்தது. காப்பி போடப் போகும்போது கேட்காமல் கொள்ளாமல் திறந்துவிட்டுப் போனார். கீழே தடாகம் ரோடு. காய்கறி வண்டி, பால் வண்டி, பள்ளிக்கூடம் இல்லாததால் கொஞ்சம் அமைதி. கர். நான்காவது கட்டத்துக்கு மாற்றினேன். தொடை எரிகிறது. கர். எவனோ டூவீலரில் போனில் பேசிக்கொண்டு போகிறான், இவனெல்லாம் விழ மாட்டான், இவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. திருப்பத்தில் ஒரு டவுன் பஸ் வருகிறது. வரட்டும். நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். இரும்புக் கவட்டையில் பூட்டியிருக்கிறேன். முன்சக்கரம் திரவ இயந்திரவியல்மேல் நிற்கிறது. ஹாரன் அடித்தான். என் இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்தன. கீச்சென்று டயர் உருளைமேல் நின்றது, மிஷின் மொத்தமும் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.  கண்ணை மூடியிருக்கிறேன் என்பதே திறந்தபோதுதான் தெரிந்தது. ரப்பர் வாடை. ஐம்பது வயதில், மூன்றாவது மாடியில், நகராத சைக்கிளில், பயத்தில் பிரேக் போட்டிருக்கிறேன். இதை எந்த வெள்ளைக்காரனும் தன் வீடியோவில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் இரண்டு காப்பி டம்ளரோடு வரதராஜ் நின்றுகொண்டிருந்தார். சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நானாக இருந்தால் சிரித்திருப்பேன். சிரித்துவிட்டுக் குழுவில் போட்டிருப்பேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கால்களுக்குக் கீழே, மிஷினுக்கு அடியில் விரித்திருந்த ரப்பர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பாய் முழுக்க, உருளையைச் சுற்றிலும், கறுப்பாய்ச் சின்னச் சின்ன முடி. சலூனில் தாடி மழித்துக் கொட்டினதுபோல் கிடந்தது. புது டயர் வார்ப்பு அச்சிலிருந்து வரும்போது மேலெல்லாம் நூல் நூலாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளிக்கொண்டு போனால் அது போகாது. ஆள் ஏறி உட்கார்ந்து ரோட்டில் ஓட்டினால் நடுவில் இருக்கிறதெல்லாம் முதல் நாளே உதிர்ந்துவிடும். வாராவாரம் சிறுவாணி ரோடு போகிற டயரில் ஒன்றுகூட இருக்காது. இருபத்தாறு வருஷ டெஸ்டிங். செயினைத் துடைத்தேன், பெடலுக்கு எண்ணெய் விட்டேன், மட்கார்டில் கொஞ்சம் சேற்றைக்கூட நானே அடித்து வைத்தேன், டயரைப் பார்க்கவில்லை. ஒரு சைக்கிள்காரன் முதலில் பார்ப்பதே டயரைத்தான் என்று எனக்குத் தெரியாதா? மாட்டும்போதே இந்த ஆளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்துதான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாரா? காப்பியை நீட்டினார். வாங்கினேன். "ஊதிக் குடிங்க, சூடா இருக்குதுங்க" என்றார். பிறகு ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டு, ரோட்டைப் பார்த்து, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார், "எனக்குப் பஸ் இல்லீங்க, மணல் லாரி. தொடக்கூட இல்ல. அதுக்கப்புறம் ஏழு மாசம் ரோட்டுக்கு எறங்கல. மொதல்ல ஜன்னலச் சாத்திட்டு மிதிச்சனுங்க. ஒரு மாசங் கழிச்சுத் தொறந்து வெச்சேன். மொத நாளு நீங்க இப்பப் புடிச்ச மாதிரியேதான் பிரேக்கப் புடிச்சேன்." எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "பேரிங் போயிருக்குதுங்க. இடது பக்கம்." "ஆமாங்க" என்றார். "அதையும் மாத்தலாம்னு நெனச்சு விட்டுட்டேன். பஸ்சு சத்தத்துக்கு அது தேவலீங்க." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "செக்குன்னு பேரு வெச்சீங்களே" என்றார். டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன். "எம் பொண்ணு இப்பவும் அப்படித்தான் கூப்புடறா. இருக்கட்டும். வூட்ல எங்க போடப் போறீங்க?"

பொய் வாயில் தயாராகத்தான் இருந்தது. எனக்கு எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். ஆனால் காலடியில் அந்த முடியெல்லாம் கிடந்தது. "வூட்ல இல்லீங்க. கம்பெனில, பின்னால ஒரு ரூம் இருக்குது" என்றேன். "ஜன்னல் இருக்குதுங்களா? ரோட்டப் பாத்தாப்ல?" "ஜன்னலே இல்லீங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பப் பிரயோசனமில்லீங்க தனபால். அங்க வெச்சா நீங்க பத்து வருஷம் மிதிச்சாலும் அந்த ரூமுக்குள்ளதான் மிதிப்பீங்க. ஆறாயிரத்தஞ்ஞூறு வேஸ்ட்டு. உங்களுக்கு நான் குடுக்கறதில்லீங்க" என்றார், பாலிடெக்னிக்கில் ஒரு பையனின் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற குரலில். கோபம் வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு எங்கே வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறாரே, பெரிய இவர். எழுந்து போய்விடலாம், ஊரில் இது ஒன்றுதானா மிஷின், பதினான்காயிரம் கொடுத்து அந்த பிளாஸ்டிக் லிவரையே வாங்கிக்கொள்ளலாம், சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கர் இல்லாமல், ஹாரன் இல்லாமல், ஞாயிறு ஞாயிறாக வேர்த்து, அந்தப் பனியனைச் சுகந்தி மோந்து பார்த்து, இப்பத்தான் சரியா இருக்குது என்று நம்பி, நான் அவள் நம்புவதைப் பார்த்துக்கொண்டு. அதை நினைத்ததும் எழுந்து போகத் தோன்றவில்லை. பூரிக்காரர்களையும் எட்டு நடைக்காரர்களையும் ஐந்து நட்சத்திரக்காரர்களையும் பார்த்து இத்தனை வருஷம் முகம் சுளித்திருக்கிறேன். அவர்கள் யாரும் பெண்டாட்டியை ஏமாற்றக் குழாயில் போய்க் கழுத்தை நனைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு ஹாலுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்கு எதிரேதான் மருதமலை பஸ் போகும், பத்து நிமிஷத்துக்கு ஒன்று. பஸ் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிரும், சுகந்தி எப்போதும் அதைத் திட்டுவாள். அங்கே வைத்தால் முதல் நாளே அவள் முன்னால் பிரேக் பிடிப்பேன்.

சைக்கிளைவிட்டு இறங்கினேன். வரதராஜ் குனிந்து மிஷினிலிருந்து என் சைக்கிளைக் கழற்ற ஆரம்பித்தார், வியாபாரம் முடிந்துவிட்ட மாதிரி. "இருங்க" என்றேன். மணி ஏழே கால். கைபேசியை எடுத்தேன். மூன்று முறை மணி அடித்தபின் சுகந்தி எடுத்தாள், பின்னால் குக்கர் சத்தம். "என்னங்க?" "காரு எடுத்துட்டு வர்றியா?" என்றேன். "ஒரு சாமான் ஏத்தோணும். தடாகம் ரோட்ல இருக்கறேன்." "தடாகம் ரோட்லயா? பேரூர் போகல?" "போகல." குரலை என்னால் நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை, அவளுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "ஏனுங்க," என்றாள், "விழுந்துட்டீங்களா?"

வரதராஜ் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டார். ஜன்னலுக்குக் கீழே இன்னொரு பஸ் போயிற்று.

"ஆமா" என்றேன். "இன்னைக்கு இல்ல. ஆடி மாசம் விழுந்தேன்."

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.